பசி கொடுத்த சம்மதம்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து மனிதர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். எங்களுக்கு மேற்கே மலை உண்டு, ஊருக்கு ஊர் கண்மாய் உண்டு, கோயில் உண்டு, பஞ்சாலை உண்டு. கடல் மட்டும் இல்லை. இல்லாத பொருளின் மேல்தானே மனிதனுக்கு ஆசை அதிகம்? எனக்கும் சின்ன வயதிலிருந்தே கடற்கரை ஊர்களின் மேல் ஒரு மயக்கம். எந்த ஊருக்கு எந்தக் காரியமாகப் போனாலும், பக்கத்தில் கடல் இருக்கிறதா என்று விசாரிப்பது என் வழக்கம்.

அப்படி விசாரித்துப் பார்த்த ஊர்களில் ஒன்று பழவேற்காடு. அந்த ஊரைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். ஆனால் ஊரைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஒரு நியாயத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னையில் இறங்கலாம். சென்னையிலிருந்து வடக்கே, பொன்னேரி வழியாக, சுமார் 60 கிலோமீட்டர். சாலை முடிகிற இடத்தில் ஊர் இருக்கிறது. ஊருக்கு ஒரு பக்கம் ஏரி, அதைத் தாண்டினால் கடல். ஏரி என்றால் நம் கண்மாய் மாதிரி நினைத்துவிடக் கூடாது. அது உப்பும் நன்னீரும் கலந்த காயல். ஒரிஸாவில் உள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிற தீவுதான் ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து, ஆழமில்லாத தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ இளஞ்சிவப்பில் சேலை உலர்த்தியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

அந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். மீன் நிறையக் கிடைக்கிற இடத்தை ஒருவனே வளைத்துக்கொள்ள முடியாது. இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். இந்த முறைக்குள் இடம் இல்லாதவர்களும் அங்கே உண்டு. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அவர்களில் சிலர். ஆகவே அதைப் பூரணமான தருமம் என்று நான் புகழமாட்டேன். ஆனாலும் ஒருவனுடைய நல்ல நாள் இன்னொருவனுடைய பட்டினியாகிவிடக் கூடாது என்று நினைத்து யாரோ செய்த ஏற்பாடு அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி ஊரின் சரித்திரம். டச்சுக்காரர்கள், பழைய தமிழில் சொன்னால் உலாந்தாக்காரர்கள், 1610ஆம் ஆண்டு வேங்கடபதி ராயரிடம் உத்தரவு பெற்று இங்கே வியாபாரம் தொடங்கினார்கள். மயிலாப்பூரில் இருந்த போர்ச்சுக்கீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612ல் வந்து பண்டகசாலையை அழித்துவிட்டுப் போனார்கள். அதனால் 1613ல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிவிட்டார்கள். கோட்டைக்கு ‘கெல்டிரியா’ என்று பெயர். ஹாலந்து தேசத்தில் கெல்டர்லாந்து என்று ஒரு மாகாணம் இருக்கிறது. கோட்டை கட்டிய அதிகாரி அந்தப் பக்கத்துக்காரர். பிழைக்கப் போன இடத்தில் சொந்த ஊர்ப் பெயரை வைப்பது எல்லா ஜாதி மனிதர்களுக்கும் உள்ள ஆசைதான்.

சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கெல்லாம் அதுதான் தலைமை இடமாக இருந்தது. 1690ல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781ல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில், 1824ல் இரு தேசத்தாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1825ல் பழவேற்காடும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அவர்கள் இங்கே வாங்கியது முக்கியமாகத் துணி. ஜாதிக்காயும் கிராம்பும் விளைகிற கிழக்குத் தீவுகளில் வெள்ளிப் பணத்தைவிட நம் நெசவுக்குத்தான் மதிப்பு. இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைச் சரக்கை ஏற்றி ஐரோப்பாவில் விற்றார்கள். இன்றைக்கும் மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்குப் ‘பெலிக்காட்’ என்றுதான் பெயர். பழவேற்காட்டின் பெயர்தான் அப்படித் திரிந்து நிற்கிறது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி கப்பலேறி வெளிதேசம் போகிறதைப் பார்த்தவன் நான். நெசவாளியின் பெயர் தெரியாத தூரத்துக்கு அவன் துணி போய்விடுகிறது என்பது புதிய கதை அல்ல.

இன்றைக்குக் கோட்டை இல்லை. மேடும், முள்ளும், அகழியின் தடமும் இருக்கின்றன. கல்லறைத் தோட்டம்தான் நன்றாக இருக்கிறது. தொல்பொருள் இலாகாவினர் அதைப் பாதுகாக்கிறார்கள். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் கேடயச் சின்னங்களும் கொடியும் பூவும் எழுத்துகளும். எழுத்தைப் படிக்கத் தெரியாதவன்கூட வேலைப்பாட்டைப் பார்த்து நின்றுவிடுவான். நானும் நின்றேன். குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார் எந்த தேசத்தவரானால் என்ன? கடல் கடந்து வந்து, வேற்று மண்ணில் செத்துப்போனவர்களின் மேல் எனக்கு இரக்கம்தான் வந்தது.

ஆனால் அந்தக் கோட்டையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. மனிதர்களும் ஏறினார்கள்.

ஜாவாவில் பட்டேவியா நகரத்தைக் கட்ட ஆள் வேண்டியிருந்தது. 1621ல் பாண்டாத் தீவுகளைப் பிடித்த டச்சுக் கம்பெனி, அங்கே இருந்த ஜனங்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் நாடு கடத்தியும் தீர்த்துவிட்டது. ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு வேறு ஆட்கள் வேண்டும். அதே சமயத்தில் சோழமண்டலக் கரையில் மழை பொய்த்தது. விஜயநகர வாரிசுகளுக்குள் சண்டை. 1622, 1623 ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து அடிமைகள் ஏற்றுமதியானார்கள். பிறகு 1640களின் பஞ்சத்தில் மறுபடியும். 1659க்கும் 1661க்கும் நடுவில் பீஜப்பூர்ப் படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியபோது, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற இடங்களிலும் கம்பெனி எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை வாங்கியது என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் அநேகம் பேர் இலங்கைக்குப் போனார்கள். மற்றவர்கள் பட்டேவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

இவர்களைக் கம்பெனிக்காரன் வலைபோட்டுப் பிடித்தான் என்று நினைத்தால் அது பாதி உண்மை. பிடித்து விற்ற நம்மவர்கள் உண்டு. அதைவிட மனத்தைச் சுடுகிற விஷயம், பஞ்சத்தில் தாமாகவே வந்து தம்மை விற்றுக்கொண்டவர்களும், பெற்ற பிள்ளையை விற்றவர்களும் உண்டு என்பதுதான். இதுவும் டச்சுக்காரன் கொண்டுவந்த பழக்கமல்ல. தஞ்சைப் பக்கத்துத் திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒரு வேளாளனும் அவனுடைய இரண்டு பெண்மக்களும், பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல், 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்ட செய்தி அது. சுந்தரமூர்த்தி நாயனார் கதையில் சிவபெருமானே ஆளோலையைக் காட்டித்தானே வழக்காடுகிறார்? கேட்டவர்களுக்கு ஆளோலை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த விஷயத்தை ஒரு நாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்துப் படியில் உட்கார்ந்து நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பஞ்சுக் கமிஷன் வியாபாரி. நல்ல மனிதர், தான தருமம் செய்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“அண்ணாச்சி, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. பிடிச்சு வித்தது பாவம், அதிலே சந்தேகமில்லை. ஆனா தானா வந்து வித்துக்கிட்டவன் விஷயத்திலே பாவம் எங்கே இருக்கு? இங்கேயே கிடந்தா செத்திருப்பான். கப்பல்லே ஏறினான், கஞ்சி கிடைச்சுது, பிழைச்சான். அவன் வாயாலே சரின்னு சொன்னான். வாங்கினவனைக் குத்தம் சொன்னா எப்படி?”

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதில் உண்மை இருக்கிறது. அந்தக் கப்பல் வராமல் இருந்திருந்தால் அவர்களில் பலர் செத்திருப்பார்கள் என்பது நிஜம்.

நான் அவருக்கு ஒரு உதாரணம் சொன்னேன். கரிசல் காட்டில் ஒரு பாழுங்கிணறு. அதில் ஒருவன் விழுந்துவிட்டான். மேலே ஒருவன் கயிற்றோடு வருகிறான். “உன் நிலத்தை எனக்கு எழுதித் தருகிறதாகச் சொல், கயிற்றை விடுகிறேன்” என்கிறான். உள்ளே இருப்பவன் சரி என்கிறான். அவன் மனசாரத்தான் சொல்லுகிறான். உயிர் பிழைக்கிறான். கயிறு செய்த நன்மை நன்மைதான். ஆனால் அந்த நிலம் மேலே நின்றவனுக்கு நியாயமாக வந்த நிலமா?

நண்பர் யோசித்துவிட்டு, “நிலம் கிடைக்காதுன்னா அவன் கயிறே விட்டிருக்க மாட்டானே?” என்றார்.

“அது கயிறு வைத்திருந்தவனுடைய லட்சணத்தைக் காட்டுகிறது. விலையை நியாயமாக்கிவிடாது” என்றேன்.

‘சரி’ என்ற சொல்லுக்கு எங்கிருந்து மதிப்பு வருகிறது? ‘முடியாது’ என்று சொல்ல வழி இருந்ததனால் வருகிறது. ‘முடியாது’ என்றால் சாவு என்ற இடத்தில் ‘சரி’ என்பது மனிதன் பேசுகிற பேச்சல்ல, அவன் வயிறு பேசுகிற பேச்சு. வயிற்றின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு மனிதனையே சொந்தம் கொண்டாடுவதுதான் பழவேற்காட்டில் நடந்தது. ஒருவேளைக் கஞ்சிக்கு ஈடாக ஒருவேளை உழைப்பைக் கேட்டிருந்தால் அது வியாபாரம். ஆயுள் முழுவதையும், பிறக்கப்போகும் பிள்ளைகளையும் கேட்டார்கள். பசி அன்றைக்குத் தீர்ந்துவிட்டது, அடிமைத்தனம் தீரவில்லை.

நண்பர் விடவில்லை. “அப்படிப் பார்த்தா, கூலி வேலைக்கு வர்றவன் எல்லாம் பசிக்காகத்தானே வர்றான்? நீங்களும் பணத்துக்காகத்தானே எழுதுறீங்க? எல்லாமே அடிமைத்தனம்னா எதுவுமே அடிமைத்தனம் இல்லேன்னு ஆயிடுமே!”

கெட்டிக்காரத்தனமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்தால் பெயருக்கு அர்த்தம் போய்விடும் என்பது உண்மை. அதனால் எனக்குத் தோன்றிய மூன்று அடையாளங்களைச் சொன்னேன். நாளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்தால் அவன் போகலாமா? அவன் உழைக்க உழைக்கக் கடன் குறைகிறதா? அவன் பட்ட கடன் அவனோடு நிற்கிறதா, பிள்ளையின் கழுத்துக்கும் போகிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அது வேலை. மூன்றுக்கும் கெட்ட பதில் என்றால், சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தாலும் அது ஆளோலைதான்.

நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். குளத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற ஒருவர் மகள் கல்யாணத்துக்காக முன்பணம் வாங்கியிருக்கிறார். நாலு வருஷமாகக் கூலியில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நடுவில் ஆஸ்பத்திரிச் செலவு, திருவிழாச் செலவு என்று மறுபடியும் வாங்கியதில் கடன் வளர்ந்துதான் இருக்கிறது. உதவிக்கு மகனும் வந்து சேர்ந்தான். இப்போது அந்தப் பையனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. “கணக்குத் தீரட்டும், அப்புறம் போகலாம்” என்று நண்பர் சொல்லி வைத்திருக்கிறார்.

“நான் அவங்களைக் கட்டியா போட்டிருக்கேன், அண்ணாச்சி? அவங்களே வந்து கேட்டு வாங்கின பணம்தானே?” என்றார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. நான் டச்சுக்காரனா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

அவர் டச்சுக்காரர் அல்ல. ஆனால் டச்சுக்காரர்களிலும் முக்கால்வாசிப் பேர் தங்களைக் கொடியவர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். கணக்கு எழுதினார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனார்கள், செத்துப்போன குழந்தைக்குப் பூ செதுக்கிய கல் வைத்தார்கள். அந்தக் கோட்டையில் 1632 முதல் 1642 வரை பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் நம் சமயத்தையும் பழக்கவழக்கங்களையும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் சுலோகங்களை டச்சு மொழிக்குக் கொண்டுபோனதும் அவருடைய நூல்தான். அவர் இறந்த பிறகு 1651ல் அது வெளியாயிற்று. மறைந்திருந்த சமயத்துக்குத் திறந்த கதவு என்று அதற்குத் தலைப்பு. அறிவுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்த அதே கோட்டையிலிருந்து, அவருக்கு முன்னும் பின்னும், வேறொரு கதவின் வழியாக மனிதர்கள் மூட்டைபோல் போய்க்கொண்டிருந்தார்கள். நல்லவர்கள் இருக்கிற இடத்தில் தீமை நடக்காது என்று சொல்ல முடியாது. நல்லவர்களும் கணக்குப் புஸ்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைய சட்டம் நண்பருடைய கேள்விக்கு என்னைவிடத் தெளிவாகப் பதில் சொல்லுகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, அப்படிக் கட்டிப்போடுகிற முன்பணக் கடனே செல்லாது. அவனே கேட்டு வாங்கினான் என்பது அங்கே சமாதானம் அல்ல. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. பழவேற்காடு இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கல் சூளைகளிலிருந்து கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்ட செய்தி எத்தனை தடவை பத்திரிகையில் வந்துவிட்டது! ஒரிஸாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள், இருளர்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி, வருஷக்கணக்கில் பெண்பிள்ளைகளை விடுதிக்குள் வைத்து வேலை வாங்கிய நூற்பாலைத் திட்டத்துக்குச் ‘சுமங்கலி’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்தது நம் தமிழ்நாடுதானே? அதிலும் தகப்பன்மார் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

“அப்போ நான் எப்படித்தான் வேலைக்கு ஆள் வைக்கிறது?” என்று நண்பர் கேட்டார். அவனைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ‘வயிறு நிறைந்திருந்தால் இவன் இதற்குச் சம்மதிப்பானா?’ சம்மதிக்க மாட்டான் என்று மனசு சொன்னால், சம்மதிக்கிற அளவுக்குக் கூலியை உயர்த்த வேண்டும். அல்லது கட்டைத் தளர்த்த வேண்டும். பழவேற்காட்டு மீனவர்கள் பாடு வைத்தார்களே, அதன் சாரம் இதுதான். அடுத்தவனைப் பசியில் நிறுத்திவிட்டு அவன் சம்மதத்தை வாங்காதே. அவன் பசியில்லாமல் நிற்கும்படி முதலில் ஏற்பாடு செய்.

ஒரு வாரம் கழித்து நண்பர் வந்தார். “பையனைத் திருப்பூருக்குப் போகச் சொல்லிட்டேன். கணக்கு அப்பனோட இருக்கட்டும்” என்றார். பாதிதான். அந்தப் பாதிக்குக் கணக்குப் புஸ்தகமே செல்லாது என்று அவரிடம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் ஊரில் அடிமை என்பது இனிப்பான வார்த்தை. ஆண்டாள் பிறந்த ஊர் அல்லவா? 192 அடிக் கோபுரத்தின் கீழே நின்று, பெருமாளுக்கு அடிமை என்று சொல்லிக்கொள்வதில் பக்தனுக்குப் பெருமை. அந்த அடிமைத்தனத்துக்கு ஓலை கிடையாது. நிறைந்த மனசு தானாகக் கொடுப்பது. இன்று வேண்டாம் என்று திரும்பிப் போனாலும் யாரும் பிடித்து இழுக்கமாட்டார்கள். நிறைவிலிருந்து வருகிற அடிமைத்தனமும் பசியிலிருந்து வருகிற அடிமைத்தனமும் ஒரே சொல்லில் குடியிருப்பதுதான் நமக்கு வந்த ஆபத்து. பக்தியின் இனிப்பைப் பஞ்சத்தின் மேல் தடவி விழுங்கிவிடுகிறோம்.

2022 டிசம்பரில் ஹாலந்துப் பிரதமரும், 2023 ஜூலை 1ஆம் தேதி அந்நாட்டு மன்னரும் அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டது நல்லது. ஆனால் விற்றவர்கள் சார்பில் யார் கேட்பது என்ற கேள்வி நம் பக்கம் நிற்கிறது.

பழவேற்காட்டுக்குப் போகலாமா, கூடாதா? அவசியம் போங்கள். பூநாரைகளைப் பாருங்கள், கல்லறைப் பூக்களைப் பாருங்கள். அழகு குற்றம் செய்யவில்லை. ஆனால் அந்தக் கல்லறையில் இல்லாத ஒருத்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள். காத்தரினா என்று டச்சு ஏடுகளில் அவள் பெயர். பழவேற்காட்டில் பிறந்து, பட்டேவியாவில் அடிமையாக இருந்தவள். அங்கே தன் காதலனைக் கொன்றதாக மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடு கடத்தலாக மாற்றி, 1657ல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள கேப் குடியேற்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே துணி துவைத்தாள். பிறகு விடுதலை பெற்று, 1671ல் வங்காளத்திலிருந்து வந்த ஒருவனை மணந்தாள். அவளுடைய மகன் வழியில் வந்த ஸ்னைமன் குடும்பத்தார் இன்றும் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறார்கள்.

ஏட்டில் உள்ள ‘காத்தரினா’ அவர்கள் வைத்த பெயர். அதற்குப் பின்னால் ‘பலியகாத்தாவைச் சேர்ந்தவள்’ என்று எழுதியிருக்கிறது. தாய் வைத்த பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஊரின் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். எண்ணற்ற பேருக்கு அந்தச் சிறிய கடற்கரை ஊர் வைத்த ஒரே கல்லறைக் கல் அதுதான்.